குடவோலையும் வினாநிரலும்: ஊராட்சித் துறையில் மக்கள் கருத்தறியும் முறைகளின் நேர்மை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மக்கள் கருத்தைக் கேட்டறிந்து ஆட்சி நடத்த வேண்டும் என்னும் கொள்கையை இன்று மறுப்பார் எவருமிலர். எவரைக் கேட்பது, எவ்வாறு கேட்பது, கேட்டதைக் கொண்டு என்ன செய்வது என்னும் மூன்று வினாக்களில்தான் வேறுபாடு எழுகின்றது. ஊராட்சி மன்றங்கள் நடத்தும் பொதுக் கருத்தாய்வுகளைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் புள்ளியியல் நுட்பத்தோடு நின்றுவிடுகின்றன. மலேசியாவைப் பொறுத்தவரை இஃது ஒரு வரலாற்றுச் சிக்கலுமாகும். இந்நாட்டில் 1965-ஆம் ஆண்டு முதல் ஊராட்சித் தேர்தல் இல்லை. ஆகவே பிற நாடுகளில் வாக்குச் சீட்டுக்குத் துணையாக நிற்கும் கருத்தாய்வு, இங்கு அதன் இடத்தையே நிரப்ப வேண்டியதாகிறது. வாக்குரிமையின் சுமையைத் தாங்கும் ஒரு கருவி அச்சுமைக்கு ஏற்ற நேர்மை உடையதா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் பொருளாகும்.

இதனை ஆராய்வதற்கு மலாக்கா தெங்கா மாவட்டத்திலுள்ள குருபோங் வட்டாரத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். மலாக்கா நகருக்கு வடக்கே அமைந்த இவ்வட்டாரம், தோட்டங்கள் சூழ்ந்த நிலையிலிருந்து வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டையும் நிறைந்த புறநகராக மாறியது. மலாக்கா நகரின் குப்பை நெடுங்காலம் குருபோங்கிலேயே கொட்டப்பட்டது. 2015-ஆம் ஆண்டில் சுங்கை ஊடாங்கில் புதிய குப்பை நிலக்களம் செயற்படத் தொடங்கிய பின்னரே அந்நிலை மாறிற்று. நகர மக்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு சேவையின் தீய பயனை ஒரு வட்டாரத்தார் மட்டும் ஏற்க நேரும்போது, நகர் முழுவதையும் தழுவிய கருத்தாய்வின் சராசரி அவர்களைப் பற்றி என்ன கூறும்? இவ்வினாவை மனத்திற்கொண்டு வரலாற்றுள் நுழைவோம்.

குடத்துள் இருந்த பெயர்கள்

தமிழர்தம் ஊராட்சி வரலாற்றைப் பேசுவோர் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பெருமையோடு சுட்டுவது வழக்கம். முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த, அதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த இக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. ஏதும் அறியாச் சிறுவன் ஒருவன் அவற்றுள் ஓர் ஓலையை எடுத்தான். அவ்வோலையை மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி அனைவரும் கேட்கப் படித்தான். அங்கிருந்த நம்பிமாரும் அதனைப் படித்தனர். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்கான உறுப்பினர்கள் இவ்வாறே தெரிந்தெடுக்கப்பட்டனர்.

குடவோலை ஆள் தெரிவு முறையே அன்றிக் கருத்தாய்வு அன்று. ஆயினும் இன்றைய கருத்தாய்வாளர் சமவாய்ப்பு மாதிரி என்று கூறுவதன் அடிப்படைக் கருத்து அதில் அடங்கியுள்ளது. எடுப்பவன் விருப்பு வெறுப்பு எடுபடும் ஓலையைப் பாதிக்கலாகாது. எடுத்ததை மறைக்கவோ மாற்றவோ ஒருவருக்கும் வழி இருத்தலாகாது. விரல்களை விரித்து வாங்க வேண்டும் என்ற நுணுக்கமான விதி, மோசடி நிகழக்கூடும் என்பதை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்ததைக் காட்டுகிறது.

இப்பெருமையோடு மற்றோர் உண்மையையும் நாம் சேர்த்துக் கூறியாக வேண்டும். குடத்துள் பெயர் இடப்படுவதற்கே கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35 முதல் 70 வரையிலான வயது, வேதக் கல்வி ஆகியன வேண்டப்பட்டன. அது பிரமதேய ஊரின் சபை. அந்நிலத்தில் உழுதவரும் ஏரிக்கரையில் மண் சுமந்தவரும் குடத்துள் இல்லை. ஓலை எடுத்த முறையில் குறையில்லை. ஆயின் குடத்தை நிரப்பிய முறையிலேயே ஊரின் பெரும்பகுதி வெளியே நின்றது. எடுப்பின் நேர்மை வேறு, குடத்தின் நேர்மை வேறு என்னும் இவ்வேறுபாடே இக்கட்டுரையின் அடித்தளமாகும். இனி வரும் பகுதிகளில், மலாக்காத் தோட்டத் தமிழர் காலந்தோறும் எந்தக் குடத்துள் இருந்தனர், எதில் இல்லை என்பதைக் காண்போம்.

வரி செலுத்துவோர் கருத்தே மக்கள் கருத்து

நீரிணைக் குடியேற்றங்களான பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றில் நகராண்மை ஆணையர் அமைப்பு 1856-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருப்பெற்றது. ஆணையருள் ஒரு பகுதியினரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்க அச்சட்டம் இடமளித்தது. 1913-ஆம் ஆண்டு நகராண்மைச் சட்டம் அத்தேர்தலையும் நீக்கி, நியமன முறையை நிலைநாட்டியது. இவ்விரு நிலைகளிலும் மக்கள் என்ற சொல்லின் பொருள் சொத்துடையோர், வரி செலுத்துவோர் என்பதாகவே இருந்தது. நகர எல்லைக்கு வெளியே, பால்மரத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளி இக்கணக்கில் இடம்பெறவில்லை. அவன் வாழ்க்கையைத் தொழிலாளர் சட்டமும் தோட்ட நிருவாகமும் ஆண்டன. தண்ணீர்க் குழாய் பழுதானால் அவன் முறையிட்டது கிராணியிடம். மன்றம் என்பது அவன் அறியாத ஒன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலை மாறத் தொடங்கியது. 1950-ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தல் சட்டத்தைத் தொடர்ந்து, 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் தேர்தல்கள் நடைபெற்றன. 1952-ஆம் ஆண்டு ஊர் மன்றச் சட்டம் புதுக்கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களை அளித்தது. அவசரகாலத்தில் கம்பிவேலிக்குள் குடியமர்த்தப்பட்ட மக்களுக்குக்கூட மன்றம் கிடைத்தது. தோட்டம் தனியார் நிலம் ஆதலால், தோட்ட மக்கள் பெரும்பாலும் இவ்வமைப்புக்கு வெளியிலேயே இருந்தனர். இதனை எவரும் தீய எண்ணத்தோடு திட்டமிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. நிலவுடைமையின் எல்லையைக் குடிமையின் எல்லையாகவும் கொண்டதால் விளைந்த பயன் அது.

இக்காலத்தில் தோட்டங்களைப் பற்றிய சிறந்த கள ஆய்வு ஒன்று மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்தே வெளிவந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். உங்கு அசிஸ் தலைமையில் பொருளியல் துறையினர், 1951 முதல் 1960 வரையிலான தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து 1960களின் தொடக்கத்தில் அறிக்கை வெளியிட்டனர். நிலம் கைமாறியபோது வேலையும் வீடும் ஒருங்கே இழந்தோர் நிலையை அவ்வறிக்கை பதிவு செய்தது. மன்றமும் வாக்கும் எட்டாத இடத்திற்கு ஓர் ஆய்வு எட்ட முடியும் என்பதற்கு இது சான்றாகும். கருத்தாய்வை முற்றாகப் புறக்கணிப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

1965: வாக்குப் பெட்டி மூடப்படுதல்

இந்தோனேசிய எதிர்ப்பு நடவடிக்கையைக் காரணங்காட்டி, 1965 மார்ச்சு முதல் நாள் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவ்வேளையில் மேற்கு மலேசியாவில் 370-க்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் இருந்தன. அதே ஆண்டில் இவற்றின் செயற்பாட்டை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவராக மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் நியமிக்கப்பட்டார். ஜார்ஜ் டவுனின் மேயராக இருந்த டி.எஸ். இராமநாதனும் அவ்வாணையத்தில் இடம்பெற்றார். மலேசிய ஊராட்சி வரலாற்றின் தலையாய ஆவணம் ஒரு தமிழரின் பெயராலேயே இன்றளவும் வழங்கப்படுவது நம் மாணவர்கள் பலர் அறியாத செய்தியாகும்.

ஆணையம் 1968-ஆம் ஆண்டு இறுதியில் தன் அறிக்கையை நிறைவு செய்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்திற்கு எத்தனை குறைகள் இருப்பினும், நியமன மன்றத்தைவிட அதுவே மேலானது என்பது அதன் முடிவு. இப்பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 1973-ஆம் ஆண்டு இடைக்கால ஏற்பாட்டுச் சட்டத்தை அடுத்து, 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, நியமன முறையை நிலைப்படுத்தியது. அதன் 10-ஆம் பிரிவின்படி மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும். உறுப்பினர் தொகை 8-க்குக் குறையாமலும் 24-க்கு மிகாமலும் இருக்கும். 15-ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தல் தொடர்பான சட்டங்கள் செல்லாதன ஆயின என்கிறது. பின்னாளில் பினாங்கு மாநிலம் 2012-ஆம் ஆண்டில் தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றியபோதும், 2014-ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு அம்முயற்சிக்கு இடமளிக்கவில்லை.

வாக்குப் பெட்டி மூடப்பட்டபின் மக்கள் கருத்தை அறிய எஞ்சியவை சில வழிகளே. அவற்றுள் முதன்மையானது 1976-ஆம் ஆண்டு நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, தந்த ஆட்சேப உரிமையாகும். வட்டாரத் திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கருத்துடையோர் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில், 21-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவின்படி, அண்டை நிலத்தின் உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பப்படும். 21 நாள்களுக்குள் அவர்கள் ஆட்சேபிக்கலாம். இங்குள்ள சொல்லைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அறிவிப்பு உரிமையாளருக்கே உரியது. அங்கு வாழ்பவர்க்கு அன்று. மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்த குடும்பத்திற்குப் பக்கத்து நிலத்தில் என்ன வரப்போகிறது என்று அறிவிக்கும் கடமை இவ்வுட்பிரிவால் எழவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கால் வேலி நிலம் கேட்ட குடத்தின் சாயலை இங்கும் காண்கிறோம்.

மற்றொரு வழியே கருத்தாய்வு. 2000-ஆம் ஆண்டையொட்டிப் பெட்டாலிங் ஜெயா, மீரி, குவாந்தான், கிரியான் ஆகிய நான்கு மன்றங்களில் உள்ளூர்ச் செயல்திட்டம் 21 முன்னோடியாகத் தொடங்கப்பட்டபோது மக்கள் பங்கேற்பு பெரிதும் வலியுறுத்தப்பட்டது. பின்னர் வந்த ஊராட்சி மன்ற நட்சத்திரத் தரவரிசை முறையில் குடியிருப்பாளர் கருத்தும் ஒரு கூறாயிற்று. மன்றத்தின் மதிப்பெண் ஒரு பகுதி மக்கள் விடையைச் சார்ந்தது என்னும் நிலை தோன்றிய பின், அவ்விடை எவ்வாறு பெறப்படுகிறது என்ற வினா கூடுதல் முதன்மை பெறுகின்றது. தேர்வு எழுதும் மாணவனே வினாத்தாளையும் அமைத்து, விடைத்தாளையும் திருத்தினால் அத்தேர்வை ஆசிரியர்களாகிய நாம் ஏற்போமா என எண்ணிப் பார்த்தல் தகும்.

எண்ணிக்கையும் ஏற்புடைமையும்

எண்ணிக்கை பெரிதாயின் முடிவும் சரியாகும் என்பது பரவலான எண்ணம். இதனை உடைத்தது 1936-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்னும் இதழ் ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு அஞ்சல் வழி வாக்குத்தாள் அனுப்பியது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றைக்கொண்டு லாண்டன் வெல்வார் என அவ்விதழ் கணித்தது. ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்று வென்றார். லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். தொலைபேசிப் பட்டியலையும் மகிழுந்து உரிமையாளர் பட்டியலையும் பெரிதும் நம்பியதால் வசதியுடையோரே கூடுதலாகக் கேட்கப்பட்டனர். கேட்கப்பட்டோருள்ளும் விடையளிக்க முன்வந்தோர் பிறரினின்று வேறுபட்டிருந்தனர். மிகக் குறைந்த எண்ணிக்கையினரைக் கேட்ட ஜார்ஜ் கேலப் வெற்றி பெறுபவரைச் சரியாகக் கணித்தார்.

இந்தியாவில் மகலநோபிசு 1931-ஆம் ஆண்டில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் இத்துறைக்கு அளித்த கொடை பெரிது. ஒரே பகுதியில் ஒன்றையொன்று சாராத இரு குழுக்களை அனுப்பி, அவை கொண்டுவரும் தரவுகளை ஒப்பிடும் முறையை அவர் கையாண்டார். இரண்டும் பெரிதும் மாறுபட்டால் குறை மக்களிடத்து இல்லை, கேட்டவரிடத்து உள்ளது என்று ஐயுற இடமுண்டு. ஆய்வாளன் தன்னையே ஐயுறுவதற்கு அவர் வகுத்த வழி இது. ஊராட்சிக் கருத்தாய்வுகளில் இத்தகைய உள்ளாய்வு இன்றியமையாதது.

இனி மலாக்காவுக்குத் திரும்புவோம். 2010-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மலாக்கா மாநில மக்களுள் இந்தியர் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர். ஓர் எடுத்துக்காட்டாக, 400 பேரைச் சமவாய்ப்பு முறையில் கேட்பதாகக் கொள்வோம். மொத்த முடிவின் பிழை எல்லை ஏறக்குறைய 5 புள்ளிகளுக்குள் அடங்கும். அவ்வளவில் ஆய்வு செம்மையானதே. ஆனால் அந்த 400 பேருள் இந்தியர் ஏறத்தாழ 24 பேரே இருப்பர். அவர்தம் கருத்தைத் தனியே கூற முற்பட்டால் பிழை எல்லை 20 புள்ளிகளாக விரியும். பாதிப்பேர் மனநிறைவுடையர் என்று அறிக்கை கூறினால், உண்மை நூற்றுக்கு 30-ஆகவும் இருக்கலாம், 70-ஆகவும் இருக்கலாம். இந்த 24 பேருள் குருபோங் வட்டாரத்தில் முன்னாள் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்தோர் ஒருவரோ இருவரோ, ஒருவருமே இல்லாமலோ போகலாம். முறை நேர்மையாக இருந்தும் ஒரு சமூகம் காணாமற்போவது இவ்வாறே. குப்பைமேட்டுக்கு அருகில் வாழ்வோர் கருத்தை நகர் முழுவதற்குமான சராசரி விழுங்கிவிடுவதும் இதே கணக்கால்தான். சிறுபான்மையினரிடத்தும் தீமை குவியும் வட்டாரத்திலும் கூடுதல் எண்ணிக்கையில் மாதிரி எடுத்து, பின்னர் மொத்தக் கணக்கில் அதனைச் சீர்செய்வதே இதற்குரிய மாற்று. செலவு மிகும் என்பது உண்மை. ஆயின் அச்செலவின்றிக் கிடைக்கும் முடிவை அம்மக்களின் கருத்து எனக் கூறுதல் பொருந்தாது.

மாதிரி எடுக்கப் பயன்படும் பட்டியலும் ஆராயத்தக்கது. மதிப்பீட்டு வரிப் பட்டியலைக் கொண்டால் வாடகைக்குக் குடியிருப்போர் விடுபடுவர். வாக்காளர் பட்டியலைக் கொண்டால், நெடுங்காலம் பதிவு செய்துகொள்ளாதோர் விடுபட்டனர். 2021 டிசம்பரில் தானியங்கிப் பதிவும் 18 வயது வாக்குரிமையும் நடைமுறைக்கு வந்ததால் இக்குறை பெரிதும் நீங்கியது. எனினும் குடியுரிமை பெறாது சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் முதியோர் இன்றும் அப்பட்டியலில் இல்லை. குப்பை நாற்றம் அடையாள அட்டையின் நிறம் பார்த்து வீசுவதில்லை.

'பரவாயில்லை' என்னும் விடை

ஒருவரைக் கண்டுபிடித்துக் கேட்டுவிட்டால் மட்டும் ஏற்புடைமை வந்துவிடாது. கேட்கும் மொழியும் கேட்பவர் நிலையும் விடையை உருவாக்குகின்றன. மலாயில் அமைந்த வினாநிரலைக் களப்பணியாளர் அவ்விடத்திலேயே தம் போக்கில் மொழிபெயர்த்துக் கேட்கும்போது, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வினா கேட்கப்பட்டதாகவே முடியும். தோட்டப் பின்னணி உடைய முதியவர் ஒருவரிடம் குப்பை அகற்றும் சேவை எப்படி என்று வினவினால், 'பரவாயில்லை' என விடை வரலாம். தமிழில் இச்சொல் 'ஓரளவு நன்று' எனவும் பொருள்படும்; 'குறைதான், ஆயினும் பொறுத்துக்கொள்கிறேன்' எனவும் பொருள்படும். ஐந்து படிநிலை கொண்ட அளவுகோலில் முதற்பொருள் நான்காம் கட்டத்திலும், இரண்டாம் பொருள் இரண்டாம் கட்டத்திலும் அமைய வேண்டும். குரலின் ஏற்ற இறக்கம் அறியாதவர் இரண்டையும் நடுக்கட்டத்தில் குறித்துச் செல்வர். தமிழறிந்தோரின் பங்கு இங்கு எத்துணைத் தேவை என்பது விளக்கமின்றியே புலனாகும்.

மேலும், வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் தலைமுறைகளைக் கழித்த சமூகத்தில், மேலிடத்தார்முன் குறை கூறாதிருத்தல் ஒரு தற்காப்பாகவே வளர்ந்தது. மன்றத்தின் சின்னம் அணிந்து வருவோர் கேட்கையில் பெறப்படும் நன்மொழியை மனநிறைவு எனக் கொள்ளுதல் அவ்வரலாற்றை அறியாமையாகும். ஆகவே கேட்பவர் மன்றத்தைச் சாராதவராய் இருத்தல், விடையளித்தோர் அடையாளம் காக்கப்படுதல் ஆகியவை ஏற்புடைமையின் பகுதிகளேயாம்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். தேர்தல் மீண்டால் இச்சிக்கல்கள் தீருமே எனலாம். 6 விழுக்காட்டினராய்ச் சிதறி வாழும் ஒரு சமூகத்திற்குத் தேர்தல் மட்டுமே முழுத் தீர்வாகாது. பெரும்பான்மை வாக்கில் அவர்தம் குரல் அமிழ்ந்துபோகவும் கூடும். செம்மையாக நடத்தப்படும் கருத்தாய்வு, வாக்கு எண்ணிக்கை காட்டாததைக் காட்ட வல்லது. எனினும் இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. வாக்களிப்பவன் தன் முடிவால் ஆள்வோரை மாற்றுகிறான். விடையளிப்பவன் பிறர் கேட்ட வினாவுக்கு மட்டுமே விடை கூறுகிறான். கேட்கப்படாத வினாவுக்கு அவன் விடையளிக்க இயலாது. குப்பை வண்டி நேரத்திற்கு வருகிறதா என்று ஆய்வு கேட்கலாம். குப்பைமேடு இங்கு இருக்க வேண்டுமா என்று கேட்காமலும் விடலாம். ஆதி நாகப்பன் ஆணையத்தின் முடிவு இன்றும் எண்ணத்தக்கதாய் இருப்பதன் காரணம் இதுவேயாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், ஊராட்சிக் கருத்தாய்வின் நேர்மையை மூன்று நிலைகளில் அளக்கலாம். குடத்துள் யார் பெயர் உள்ளது என்பது முதலாவது. ஓலையை எடுப்பவர் எவரையும் சாராதவரா என்பது இரண்டாவது. எடுத்த ஓலை அனைவர் முன்னும் படிக்கப்படுகிறதா என்பது மூன்றாவது. வினாநிரல், மாதிரி எடுத்த முறை, விடையளிக்க மறுத்தோர் தொகை, செலவை ஏற்றவர் பெயர் ஆகியவற்றை முடிவுகளோடு வெளியிடாத ஆய்வு, விரல்களை மூடிக்கொண்டு வாங்கிய ஓலைக்கு ஒப்பாகும்.

இப்பணியில் கல்வியாளர்க்கும் தமிழாசிரியர்க்கும் உரிய பங்கு தெளிவானது. வினாநிரல்களைத் தமிழில் ஆக்கி, மற்றொருவரைக் கொண்டு மீண்டும் மலாய்க்குப் பெயர்க்கச் செய்து ஒப்பிடுதல், பல்கலைக்கழக மாணவரைக் களப்பணிக்குப் பயிற்றுதல், வட்டாரத் திட்ட வரைவுகள் பார்வைக்கு வரும்போது அவற்றின் உள்ளடக்கத்தை மக்களுக்குத் தமிழில் எடுத்துரைத்தல் ஆகியன நம்மால் இயலாதன அல்ல. தோட்டங்கள் மறைந்து தாமான்களாகிவிட்ட குருபோங் போன்ற வட்டாரங்களில், லயத்தில் பிறந்த கடைசித் தலைமுறை முதுமையை எய்தி வருகின்றது. தண்ணீர், சாலை, குப்பை, கோயில் நிலம், பள்ளி ஆகியவை பற்றி அவர்கள் அறிந்தவை எந்த மன்றத்தின் குறிப்பேட்டிலும் எழுதப்படவில்லை. அவர்களிடம், அவர்கள் மொழியில், அச்சமின்றி விடையளிக்கக்கூடிய வகையில் கேட்கும் ஆய்வு இனியேனும் தொடங்கப்படுதல் வேண்டும்.